அந்த வரியில் குரல் இறங்கும்

எங்கள் தொழிற்சாலையில் ஸ்பீக்கர்களைக் காதால் கேட்டுச் சோதிக்கும் அறையை இடித்துவிட்டார்கள் என்று கல்பனா போன வாரம் தொலைபேசியில் சொன்னார். நான் ஓய்வு பெறும் சமயத்தில் தரப் பிரிவில் சேர்ந்த பொறியாளர் அவர். இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவி. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், துக்கச் செய்தி சொல்வதுபோல.

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி இல்லாமல் அந்த அறைக்குள் உட்கார்ந்தவன் எவனும் வருத்தப்படமாட்டான். அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றாக அதன் முன் வந்து நிற்கும்; பெட்டி அதைப் பாடவைத்துக் கேட்டுப் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போடும். அதற்குக் களைப்பு இல்லை, ஜலதோஷம் பிடிப்பதில்லை, காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருவதில்லை. நல்லதுதான்.

“சார், பசங்க ஒரு கேள்வி கேட்டாங்க,” என்றார் கல்பனா. “ஸ்பீக்கர் நல்லாருக்கா இல்லையான்னு மெஷின் சொல்லிடுது. பாட்டு நல்லாருக்கா இல்லையான்னும் அது சொல்லுமா? இல்ல, அதெல்லாம் அவங்கவங்க டேஸ்ட்தானா? நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புது லைன் திறக்கிற அன்னிக்குப் போடற மலர்ல சேர்த்துடறோம்.”

இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. மலருக்கு ஏற்றதாகவும் இது வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான். இதில் நான் செய்த ஒரு பிழை இருப்பதால் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்த ஸ்பீக்கர் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தவை இயற்பியலில் ஒரு பட்டமும், அம்மாவிடம் கற்ற வாய்ப்பாட்டும். நேர்காணலில் தர மேலாளர் ஞானமுத்து சார் இரண்டைப் பற்றியும் கேட்கவில்லை. உள்ளங்கையால் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“மேசைச் சத்தம் தவிர வேற என்ன கேட்டுது?”

“ஜன்னல் கொக்கி ஆடிச்சு சார்.”

“திங்கக்கிழமை வா, தம்பி.”

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான, நெடிய உடம்பு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நீலச் சாயப் புட்டியும் சிவப்புச் சாயப் புட்டியும் எப்போதும் இருக்கும். அந்தப் பையில் கறை இல்லாத சட்டை அவரிடம் ஒன்றுகூட இல்லை. தேறிய ஸ்பீக்கரின் காந்தத்தில் நீலப் பொட்டு, தேறாததில் சிவப்புப் பொட்டு. நான் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த வேலை சுருக்கமாக அந்த இரண்டு பொட்டுகள்தான்.

வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கயிற்றுப் பாய் அடித்த சுவர்கள் கொண்ட சிறிய அறை. ஸ்பீக்கரை ஒரு சட்டத்தில் மாட்டி, ஒலி உண்டாக்கும் கருவியோடு இணைப்போம். கருவியில் ஒரு குமிழ். அதைத் திருகத் திருக, ஒரே இழையாக ஒரு ஒலி, அடிவயிற்று முனகலில் தொடங்கிக் கொசு ரீங்காரம் வரை ஏறும். இந்த ஏற்றத்தில் எங்காவது ஒரு உரசல் கேட்டால், உள்ளே கம்பிச்சுருள் காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள். ஸ்பீக்கரின் கூம்புத் தாள் ஓரத்தில் பிரிந்திருந்தால் ஈ பறப்பது மாதிரி ஒரு அதிர்வு கேட்கும். மற்றவர்களுக்கு அது கேட்காது. எங்களுக்குக் கேட்கவேண்டும்.

கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே அறைக்குள் போகக்கூடாது, காது ஆறவேண்டும். ஞானமுத்து சார் எங்களை வாசலில் ஒன்றும் பேசாமல் உட்காரவைப்பார். நல்ல ஸ்பீக்கர்களுக்கு நடுவில், முன்பே தேறாத ஒன்றைத் திருட்டுத்தனமாக நுழைத்துவைத்து எங்கள் காதைச் சோதிப்பார். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாராட்டமாட்டார். தன் டீயில் பாதியை நம் டம்ளரில் ஊற்றுவார். அதுதான் பாராட்டு.

இன்னொரு விதி. தேறாத ஸ்பீக்கருக்கு உடனே சிவப்புப் பொட்டு வைக்கக்கூடாது. முதலில் அதை அறுத்துப் பார்க்கவேண்டும். உள்ளே பசை ஒரு சொட்டு கூடுதலா, இரும்புத் தூள் விழுந்திருக்கிறதா, சுருள் கோணலா. ஏன் என்று தெரிந்த பிறகுதான் பொட்டு. “கெட்டதுன்னு சொல்ல யாராலயும் முடியும் தம்பி. ஏன் கெட்டுதுன்னு சொன்னாத்தான் உனக்குச் சம்பளம்,” என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலான விதியை, சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு காரியத்தால் தெரிந்துகொண்டேன். வீட்டில் இருந்து எனக்கு மிகப் பிடித்த ஒரு கச்சேரி கேசட்டைக் கொண்டுவந்து, சோதனை ஒலிக்குப் பதிலாக அதை ஓடவிட்டு ஒரு ஸ்பீக்கரைக் கேட்டேன். அற்புதமாக இருந்தது. நீலப் பொட்டு வைத்தேன். ஞானமுத்து சார் அதே ஸ்பீக்கரை வாங்கி, கருவியில் மாட்டி, குமிழைத் திருகினார். நடுவில் ஓரிடத்தில் கரகரவென்று பல் கூசும்படி உரசியது.

“இது உனக்கு அப்ப கேட்டுதா?”

“இல்லை சார்.”

“பாட்டு உனக்குப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சுதுன்னா காது மன்னிச்சுரும். இந்த ரூமுக்குள்ள எதையும் பிடிச்சுக்கிட்டுக் கேக்காதே.”

அன்றிலிருந்து பிடித்த எதையும் நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அறைக்குள் இருந்தவரை அது நல்ல பழக்கம்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் இருந்தார்கள். பழவேற்காட்டில் மைக்செட் கடை வைத்திருந்த ஜமால் பாய் மாதம் ஒருமுறை வேனில் வந்து, சிவப்புப் பொட்டு வைத்தவற்றைக் குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். நல்லதில் ஒரு ஜோடி இனாமாகத் தருகிறேன் என்றேன் ஒருமுறை. “வாணாம் சார். உங்க நல்ல ஸ்பீக்கரு ரொம்ப மரியாதயா பாடுது. திருவிழாவுக்கு அது ஆவுமா? கொஞ்சம் கரகரன்னு இருந்தாத்தான் பம்பை அடிச்சா ஊருக்கே கேக்குது,” என்றார். ஞானமுத்து சார் ரசித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாயின் காதில் ஏதோ கோளாறு என்று உண்மையாகவே நினைத்தேன்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

எங்கள் காலை ஷிப்ட் பஸ் திருப்பாச்சூரில் கிளம்பி, திருவள்ளூர், பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும். பொழுது விடியாத நேரம். ஓட்டுநர் ரேடியோ வைத்தால் பாதிப்பேர் அதட்டுவார்கள், அணைத்தால் மீதிப்பேர் அதட்டுவார்கள். இந்தச் சண்டையை முடித்துவைத்தவன் தேசிங்கு. அவன் பார்சல் பிரிவில் பெட்டி கட்டுபவன். திருப்பாச்சூரில் நெல் விளைவிக்கும் குடும்பம். நிலம் அண்ணனிடம், வேலை இவனிடம். கடைசி இருக்கையில் உட்கார்ந்து, முன்னிருக்கையின் தகரத்தில் விரலால் தட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறுபவர்களைப் பற்றி அவனே ஒரு பாட்டுக் கட்டிப் பாடுவான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு அடி.

பொழுது இன்னும் விடியலியே பொட்டிக்கடை தொறக்கலியே
போர்வைக்குள்ள வச்ச தூக்கம் பாதிகூட முடியலியே

என்று தொடங்கும். திருவள்ளூரில் நான் ஏறும்போது:

திருவள்ளூரு திருப்பத்துல சாரு ஏறுறாரு
தும்மலுக்கும் சுதி பாத்துத் தூரம் ஒக்கார்றாரு

பஸ்ஸே சிரிக்கும். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். “சார் மொறைக்கிறாரு பாரு. அடுத்த அடி கட்டிடுவேன் சார்,” என்பான். கட்டட்டும் என்றுதான் எனக்கு இருக்கும்.

அதன்பின் பெரியபாளையம். அங்கே லோகநாயகி ஏறுவாள். லோகு என்று கூப்பிடுவார்கள். கம்பிச்சுருள் சுற்றும் பிரிவில் வேலை. மெல்லிய தாமிரக் கம்பி அவள் கையில் ஒருநாளும் அறுந்ததில்லை என்பதால் மேற்பார்வையாளர்கள்கூட அவளிடம் கொஞ்சம் பயந்து பேசுவார்கள். எல்லாரும் எவர்சில்வர் டிபன் டப்பா கொண்டுவந்த காலத்தில் அவள் மட்டும் ஒரு பித்தளைத் தூக்கு வைத்திருந்தாள்; புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும்.

பெரியபாளையம் வேப்பிலக் காத்துல பித்தளைத் தூக்கு மின்னுது
ஏறுற காலு எந்தக் காலுன்னு எம்மனசு எண்ணுது

பஸ் நிற்கும்போது இந்த அடியைத்தான் பாடுவான். ஆனால் பித்தளைத் தூக்கு யாருடையது என்று பஸ்ஸில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இருட்டு, பாதித் தூக்கம், ஐம்பது பேரின் டிபன். நானும் யோசிக்கவில்லை. “மின்னுது” என்ற இடத்தில் அவன் குரல் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு மயிரிழை கீழே இறங்குகிறது என்பதை மட்டும் கவனித்திருந்தேன். அரைச் சுரம்கூட இல்லை, அதற்கும் குறைவு. அது என்னை உறுத்தியது. வீட்டில் குளிக்கும்போது நானே அந்தப் பாட்டைப் பாடுவேன். “மின்னுது” வரும்போது சுருதியைச் சரிசெய்து பாடுவேன்.

ஆம், எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அந்த வருடம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஸ்பீக்கரை விற்கும் கடைக்காரர்களுக்கு, வாடிக்கையாளரிடம் போட்டுக் காட்ட ஒரு கேசட் தரவேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம், நம் தொழிலாளி ஒருவரே பாடியதாக இருக்கட்டும். ஞானமுத்து சார் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேண்டீனில் டேப் ரெக்கார்டர் வைத்து நாலைந்து பேரைப் பாடவைத்து ஆளுக்கொரு கேசட்டில் பதிவு செய்தோம். ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவர் பக்திப் பாடல் பாடினார். கோடு போட்டதுபோலச் சுத்தமான சுருதி. தேசிங்கு பஸ் பாட்டைப் பாடினான். சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கவில்லை.

“சார், தேசிங்குதான்! வேற பேச்சே இல்ல!” என்றார்கள் பார்சல் பிரிவுக்காரர்கள்.

“கேட்டுட்டுச் சொல்றேன்,” என்றேன்.

தேசிங்குவின் கேசட்டை அறைக்குள் கொண்டுபோனேன். நான் செய்தது எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஒரு பக்கம் டேப்பில் தேசிங்குவின் குரல். மறுபக்கம் ஒலிக் கருவி. அவன் பாடிய ஒவ்வொரு சுரத்தோடும் குமிழைத் திருகிச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு மனிதனின் குரலை ஸ்பீக்கரை அளப்பதுபோல அளந்தேன். “மின்னுது” வந்தபோது இரண்டு ஒலிகளும் ஒட்டாமல் அலை அலையாக அடித்துக்கொண்டன. இயற்பியல் படித்தவர்களுக்கு அது தெரியும், மறுக்கமுடியாத சாட்சி.

எனக்குள் ஒரு குரல், இருந்துவிட்டுப் போகட்டும், இதுதான் நல்ல பாட்டு என்றது. பிடித்ததால் காது மன்னிக்கப் பார்க்கிறது என்று அதற்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் குறைவாகப் பிடித்திருந்தால் அவனையே தேர்ந்தெடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆயுத பூஜை அன்று முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. எந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாரும் பொரி வாங்கிக்கொள்ளக் கேண்டீனில் கூடியிருந்தார்கள். குமாஸ்தாவின் பெயரைச் சொன்னேன். கூச்சல் எழுந்தது.

“இன்னா சார் இது! அந்தப் பாட்டுக்குத் தூக்கம்தான் வருது!”

“நமக்கு இன்னா பா தெரியும், சாரு காது மெஷினு காது!”

அத்தோடு விட்டிருக்கலாம். காரணம் சொல்லாமல் நிராகரிப்பது என் தொழிலுக்கு அழகல்ல என்று நினைத்தேன். உற்பத்திக் கணக்கு எழுதும் கரும்பலகையைத் துடைத்து, சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டேன். இது சுருதி. அதன்மேல் தேசிங்குவின் குரலை வளைகோடாக வரைந்தேன். பாட்டின் அடிகளைக் கீழே எழுதினேன். கோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒட்டியே போய், ஓரிடத்தில் மட்டும் பள்ளத்தில் விழுந்தது.

“பாருங்க. மத்த எல்லா எடமும் சரி. இந்த ஒரு வரியிலதான் குரல் இறங்குது. எப்பப் பாடினாலும் இதே எடத்துலதான். பித்தளைத் தூக்கு மின்னுது.”

பார்சல் பிரிவில் ஒருவன் பின்னால் இருந்து, “தூக்கு யாருதுடா தேசிங்கு?” என்று கத்தினான்.

 எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. பெண்கள் வரிசையில், சன்னலோரம், லோகுவின் மடியில் அந்தத் தூக்கு வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் கேட்கிறேன். கெட்ட சிரிப்பு இல்லை. பண்டிகை நாள் சிரிப்புதான். ஆனால் அவள் எழுந்து, தூக்கை முந்தானையில் மறைத்துக்கொண்டு, பொரி வாங்காமல் வெளியே போய்விட்டாள். தேசிங்குவும் சிரித்தான். “நமக்கு சுதி இன்னா தெரியும் சார், பொட்டி கட்றவன்,” என்றான். என் கையில் சாக்பீஸ் இருந்தது. அழிக்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த வேலை நாளில் பஸ்ஸில் நான் ஏறியபோது பாட்டு இல்லை. “இன்னா தேசிங்கு, தொண்ட கட்டிக்கினுதா?” என்று யாரோ கேட்டார்கள். “சாரு ஏறிட்டாரு, சும்மா இருங்கடா,” என்றான், சிரித்தபடியே. எனக்குப் பக்கத்து இருக்கையில் அவன் துண்டைப் போட்டு இடம்கூடப் பிடித்துவைத்திருந்தான். என்மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. அன்று பெரியபாளையத்தில் யாரும் ஏறவில்லை. பிறகு அவள் வர ஆரம்பித்தாள், எவர்சில்வர் டப்பாவோடு. கொஞ்ச நாளில் ஓட்டுநர் ரேடியோ வைத்தார். யாரும் அதட்டவில்லை.

ஞானமுத்து சார் திரும்பி வந்து கரும்பலகைக் கதையைக் கேள்விப்பட்டார். என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“குரல் இறங்குதுன்னு சொன்னியாமே.”

“ஆமா சார். அளந்து பாத்தேன்.”

“சரி. அளந்தது தப்பா இருக்காது. ஏன் இறங்குது?”

நான் கருவியின் குமிழைப் பார்த்தேன்.

“அவன்கிட்ட கேட்டியா?”

“இல்லை சார்.”

“அறுத்துப் பாக்காம சிவப்புப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

“நீங்கதான் சார்.”

“பிடிச்சுக்கிட்டுக் கேக்காதேன்னு இந்த ரூமுக்குத்தானே தம்பி சொன்னேன். பஸ்ஸுக்குமா சொன்னேன்?” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எங்க சர்ச்சில ஒரு கிழவி எனக்கு முன்பெஞ்சில நின்னு பாடும். ஒரு சுரமும் சேராது. அந்தம்மா வராத ஞாயித்துக்கெழமை எனக்குக் கோயிலுக்குப் போனமாதிரியே இருக்காது. அதுக்காக அது நல்லாப் பாடுதுன்னு சொல்வேனா? சொல்லமாட்டேன். வேண்டாம்னும் சொல்லமாட்டேன்.”

அன்று டீ வந்தது. அவர் என் டம்ளரில் ஊற்றவில்லை.

அடுத்த தை மாதம் தேசிங்குவுக்கும் லோகுவுக்கும் பெரியபாளையத்தில் கல்யாணம் நடந்தது. கரும்பலகை இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்று பார்சல் பிரிவே என்னைக் கேலி செய்தது. நானும் கொஞ்சநாள் அப்படி நினைத்துச் சமாதானம் ஆகிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை லோகுதான் கலைத்தாள். ஒருநாள் கேண்டீன் வாசலில் நின்று, யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பஸ்ஸுல அந்தப் பாட்டு எனக்குத்தான்னு எனக்கு மொதல்லேயே தெரியும். அதுக்காவத்தான் தூக்கத் தேச்சுத் தேச்சுக் கொண்டாந்தேன். பாட்டக் கேட்டுத்தான் இவரக் கட்டிக்கினேன். ஆளு வந்தாரு, பாட்டு வரல. பாடுய்யான்னா, சுதி சேராதுடி உடுன்றாரு.” டப்பாவை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். “அந்த கேசட்டு உங்க கைலதான இருக்குது? அதயாவது குடுங்க சார்.”

கேசட் என்னிடம் இருந்தது. ஆனால் அதில் பாட்டு இல்லை. ஆயுத பூஜைக்கு அடுத்த வேலை நாளில், புதிதாகத் தொடங்கிய சோதனை வரிசைக்குச் சோதனை ஒலி பதிந்த கேசட் ஒன்று தேவைப்பட்டது. வெற்றுக் கேசட் கைவசம் இல்லை. தேசிங்குவின் கேசட் மேசைமேல் கிடந்தது. அதன்மேல், முனகலில் தொடங்கிக் கொசு ரீங்காரம் வரை ஏறும் அந்த ஒலியை, முதலில் இருந்து கடைசிவரை, நானே பதிந்தேன். கோபத்தில் செய்யவில்லை. ஒரு எண்ணமும் இல்லாமல் செய்தேன். தேறாத பொருள் அது.

“தேடிப் பாக்கறேன்மா,” என்றேன் லோகுவிடம்.

இந்தப் பொய்யை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மகள் கௌரி பிறந்தபோது பார்க்கப் போனேன், கேட்டாள். காதுகுத்துக்குப் போனபோதும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். தேசிங்கு ஓய்வு பெற்ற நாளில் அவனுக்கு மாலை போட்ட பிறகு, அவள் என்னிடம் வந்து, “இன்னும் தேடறீங்களா சார்?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

சென்ற மழைக்காலத்தில் லோகு இறந்துபோனாள். நான் உடம்புக்கு முடியாமல் இருந்ததால் சாவுக்குப் போக முடியவில்லை. கொஞ்சம் தேறியதும் எளாவூருக்குப் போனேன். கௌரியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். செக்போஸ்ட் அருகில் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை நடத்துகிறாள். தேசிங்கு அவளோடு இருக்கிறான். சாலை முழுக்க லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவன் கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, தோள் துண்டால் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“வா சார். எளச்சுப் பூட்டியே. கௌரி, சாருக்கு சூடா ரெண்டு இட்லி வையி.”

“நைனா, மொதல்ல அவரு ஒக்காரட்டும்,” என்றாள் கௌரி அடுப்படியில் இருந்து.

துக்கம் விசாரித்தேன். லோகுவைப் பற்றிப் பேசினோம். பேச்சுக்கு நடுவில் அவனே அந்த விஷயத்துக்கு வந்தான்.

“கடைசில ஆஸ்பத்திரில கெடக்க சொல்ல, அந்தப் பாட்டப் பாடுன்னா சார். பஸ்ஸு பாட்ட. எனக்கு இன்னா பேஜாருன்னா, மொத அடியே வரல. பாடாம உட்டு உட்டு எல்லாம் பூடுச்சு. தூக்குன்னு ஒரு வார்த்த ஞாபகம் கீது. மெட்டு சுத்தமா மறந்துபோச்சு. எதயோ ஒண்ணப் பாடினேன். இது இல்லய்யான்னு கண்ண மூடிக்கினா.”

இனியும் மறைக்க என்னால் முடியவில்லை. கேசட்டை அழித்ததை, தேடுகிறேன் என்று அவளிடம் பொய் சொன்னதை, எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தும் வேண்டாம் என்று சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையில் இருந்த வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தான்.

“அழிச்சிட்டன்னு ஒரு வார்த்த அப்பவே சொல்லியிருந்தா, அவ என்னப் பாடச் சொல்லி இன்னும் நாலு வாட்டி சண்ட போட்டிருப்பா சார். நானும் பாடித் தொலச்சிருப்பேன். கேசட்டு வரும்னு காத்துக்கினு இருந்தா.” அவன் குரலில் கோபம் இல்லை. அதனால் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

பிறகு நான், அப்போது கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். “தேசிங்கு, அந்த ஒரு வரியில மட்டும் ஏன் குரல் இறங்கும்?”

“அதா?” அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். “பஸ்ஸு நின்னுடும்ல சார் அங்க. ஓடச் சொல்ல இன்ஜின் சத்தத்துல இன்னா வேணாலும் பாடலாம். நின்னா தெளிவா கேக்கும். அவ படில ஏர்ற நேரம். காதுல உழுந்துடப் போவுதுன்னு தொண்டய அமுக்கிக்குவேன். அதுவே பழகிப் பூட்சு.”

தொண்டையை அமுக்கினால் சுரம் இறங்கும். யாருக்கும் தெரிந்த விஷயம். கல்பனா, உங்கள் பெட்டியும் அந்த இறக்கத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கும். சிவப்பு விளக்குப் போடும். அது தவறும் இல்லை. சுருதி இறங்கியது என்பது என் ரசனையோ உங்கள் ரசனையோ அல்ல, நடந்த விஷயம். அந்தப் பாட்டு நல்லதா கெட்டதா என்பது அதோடு முடிந்துவிடவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

“எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கு,” என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். “எத்தினி அடி?”

“முழுசும்.”

“பாடு சார்.”

அம்மாவிடம் கற்ற நாளில் இருந்து நான் வீட்டுக்கு வெளியே பாடியதில்லை. குறை வந்துவிடுமோ என்ற பயம்தான். இப்போது குரலும் நடுங்குகிறது. ஆனாலும் தொடங்கினேன். பொழுது இன்னும் விடியலியே என்றதும் தேசிங்குவின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தன. திருவள்ளூர் திருப்பத்தில் சாரு ஏறியபோது, “இவுருதானா நைனா அந்த சாரு?” என்று கௌரி சிரித்தாள். பெரியபாளையம் வந்தது. பித்தளைத் தூக்கு மின்னுது என்று பாடினேன்.

விரல் நின்றுவிட்டது.

“இது இல்ல சார்.”

“வார்த்தை சரிதானே?”

“வார்த்தையெல்லாம் சரிதான். இது அது இல்ல.”

எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் குளியலறையில் நான் திருத்திப் பாடிய பாட்டு அது. அவனுடையது என் கரும்பலகையில் இருந்தது. அந்தப் பள்ளம் எங்கே தொடங்கி எவ்வளவு ஆழம் போகும் என்று அளந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

மறுபடி அந்த அடியை எடுத்தேன். பழகிய தொண்டைக்குக் கீழே இறங்குவது சுலபம் இல்லை. சரியான இடத்துக்கே போய் நிற்கப் பார்க்கிறது. மெதுவாக, தொண்டையை அமுக்கி, “மின்னுது”வைக் கோட்டுக்குக் கீழே விட்டேன். கௌரி அடுப்பைத் தணித்துவிட்டு வாசல் நிலையில் வந்து நின்றாள். தேசிங்கு கண்ணை மூடியிருந்தான். அவன் வலது கை, பஸ்ஸை நிறுத்துகிறவன் கைபோல உள்ளங்கை கீழ்நோக்கி, காற்றை அமுக்கியது.

“இன்னும் கொஞ்சம் எறக்கு சார்,” என்றான். “வண்டி நின்னுடுச்சு. அவ ஏர்றா.”